மலை ஏறினால் பேனா ஏன் கக்குகிறது?

எழுதுபொருள்கள் பற்றி வந்த கேள்விகளில் இந்த இதழுக்குச் சேலம், ஏற்காடு வட்டார வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வீடு அஸ்தம்பட்டியில், பள்ளி வேலை ஏற்காட்டில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சட்டைப் பையில் இருக்கும் இங்க் பேனாவை மேலே போய்த் திறந்தால் மூடி முழுக்க மை. வீட்டில் எழுதும்போது ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. பேனாவை மாற்றிவிடலாமா?
– ஓர் ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: மாற்ற வேண்டாம். பேனாவில் குற்றமில்லை, காற்றழுத்தம் செய்யும் வேலை இது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பிப் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பேனாவுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் உப்புகிறது. அதற்கு வெளியேற ஒரே வழி நிப். வழியில் மை நின்றால் மையைத்தான் முதலில் தள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலுக்குள் நேராக மை ஊற்றும் பேனா 3 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாதி மை இருந்தால் மீதி 1.5 மில்லி காற்று. மலை ஏறும்போது அது கூடுதலாக 0.2 மில்லிக்கு விரியும். அதாவது நாலு சொட்டு. நிப்புக்கு அடியில் குறுக்கே கீற்றுக் கீற்றாக வெட்டியிருக்கும் கறுப்புக் கட்டை இப்படி மிஞ்சும் மையைப் பிடித்துவைக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. மீதி மூடிக்குள் போகிறது. அதே பேனா முழுக்க நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று 0.2 மில்லிதான். அது எவ்வளவு விரிந்தாலும் ஒரு சொட்டுகூடத் தேறாது.

ஆகவே பஸ் ஏறுமுன் பேனாவை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது சுத்தமாகக் காலியாக வைத்துக்கொண்டு மேலே போய் ஊற்றுங்கள். பாதி மையோடு ஏறுவதுதான் தப்பு. நிப் மேலே பார்த்தபடி சட்டைப் பையில் செங்குத்தாக நிற்கட்டும். அப்போது மை கீழே தங்கும், காற்று மட்டும் நிப் வழியே போய்விடும். கைப்பையில் படுக்கப் போடாதீர்கள். மேலே இறங்கியதும் நிப்பை மேல்நோக்கிப் பிடித்தபடியே மூடியைத் திறந்து மூடினால் போதும். சாயங்காலம் இறங்கும்போது காற்று உள்ளே போகுமே தவிர மை வெளியே வராது.

மேலே ஏறாமலே, எழுதிக்கொண்டிருக்கும்போதே சொட்டு விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் கைச்சூடு. மை கால்வாசிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகம், விரல் சூட்டில் அது விரிகிறது. அந்த நிலைக்கு வருமுன் மறுபடி ஊற்றிவிடுங்கள். கழுத்துத் திருகில் கசிந்தால் சிலிக்கான் கிரீஸ் கடுகளவு தடவுங்கள். வாசலின் வேண்டாம், ரப்பர் வளையம் இருந்தால் நாளடைவில் அதைக் கெடுக்கும். இரண்டு கம்பெனி மையை ஒன்றாகக் கலக்காதீர்கள், சில மைகள் சேர்ந்தால் திரிந்து வண்டலாகி வழியை அடைத்துவிடும். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். நீர் தெளிவாக வரும்வரை நிரப்பி நிரப்பிக் கொட்டுங்கள். கொதிநீர், ஸ்பிரிட் இரண்டும் பிளாஸ்டிக் உடலுக்கு ஆகாது. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை இந்தப் பேனாவில் ஊற்றவே கூடாது. அதில் இருக்கும் அரக்கு காய்ந்துவிட்டால் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாராட்டுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு லேமினேட் பண்ணக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது அச்சு இருக்கிறது, கையெழுத்து ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் தன்மீது தப்பில்லை என்கிறார்.
– ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். தேய்த்தால் அழியும் ஜெல் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதன் பின்முனையில் கெட்டியான ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். பலர் அது ரப்பர்போல மையைச் சுரண்டி எடுக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில், ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில், மை நிறமற்றதாகிவிடுகிறது. காகிதத்தில் மை அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. லேமினேஷன் இயந்திரத்தின் உருளைச் சூடு 100 டிகிரிக்கு மேல். ஒரே இழுப்பில் எல்லாம் போய்விடும்.

இந்த மை பூஜ்யத்துக்குப் பத்து, இருபது டிகிரி கீழே குளிர்ந்தால் மறுபடி நிறம் பெறும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளிறியாவது திரும்பி வரும். ஆனால் அதை நம்பி வைக்க முடியாது, மறுபடி சூடு பட்டால் மறுபடி போகும். புதிதாக எழுதித் தருவதே நல்லது.

சேலத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தொடுவது பெரிய அதிசயமில்லை. அங்கே கிடந்த நோட்டுப் புத்தகம் வெற்றுத்தாளாகத் திரும்பி வரும். பேனாவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பத்திரம், காசோலை, பரீட்சை, ரசீது எதற்கும் இந்தப் பேனா கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். ஏடிஎம் சீட்டு, கடை பில் மாதிரி வழவழப்பான வெப்பத்தாளை லேமினேட் பண்ணக் கொடுத்தால் நேர் எதிராக நடக்கும், தாள் முழுக்கக் கறுத்துவிடும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பால்பாயின்ட் ரீஃபிலில் பாதி மை இருக்கும்போதே எழுதுவது நின்றுவிடுகிறது. தீக்குச்சி கொளுத்திக் காட்டினால் கொஞ்சம் எழுதுகிறது, பிறகு கொட்டுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு மளிகைக் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முதலில் தீக்குச்சியைக் கீழே போடுங்கள். முனையின் உள்ளமைப்பைச் சொன்னால் ஏன் என்று புரியும். டங்ஸ்டன் கார்பைடால் ஆன ஒரு குண்டு, 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரை குறுக்களவு. அதைச் சுற்றிப் பித்தளையிலோ எஃகிலோ ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பை உள்பக்கமாக மடக்கிக் குண்டு விழாமல் பிடித்திருப்பார்கள். குண்டுக்கும் விளிம்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி. தாளில் உருளும்போது குண்டு பின்னாலிருந்து மையை வாங்கி முன்னால் பூசுகிறது. நெருப்புக் காட்டினால் மை இளகும், உண்மைதான். கூடவே குழாயும் இளகும், கிண்ணத்தின் விளிம்பும் விரியும். அதன் பிறகு மை கொட்டாமல் என்ன செய்யும்?

நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. கடையில் நடக்க வாய்ப்புள்ளவற்றைச் சொல்கிறோம். எண்ணெய்க் கை பட்ட தாளில் எழுதினால் எண்ணெய்ப் பசையில் குண்டு உருளாமல் வழுக்கும். பில் தாளின் வழவழப்பிலும் அதேதான். சுவரில் ஒட்டிய காலண்டரில் முனை மேலே பார்க்க எழுதினால் மை குண்டை விட்டுப் பின்வாங்கி நடுவில் காற்று புகுந்துவிடும். தரையில் முனை குத்த விழுந்தால் கிண்ணம் நசுங்கும். சாக்கு நாரின் துணுக்கு முனையில் சிக்குவதும் உண்டு.

மருந்தும் காரணத்தைப் பொறுத்தது. வழுக்கல் என்றால் ரப்பர் செருப்பின் அடியில் நாலு வட்டம் போடுங்கள். பிடிப்பு கிடைத்ததும் குண்டு உருள ஆரம்பிக்கும். மை கெட்டியாகியிருந்தால் ரீஃபிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து இரண்டு நிமிடம் உருட்டுங்கள், கேட்காவிட்டால் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் முனையை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் வைத்துத் துடையுங்கள். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் பேனா அடம்பிடிப்பது இந்த வகைதான். காற்று புகுந்திருந்தால் குழாயில் இடைவெளி கண்ணுக்கே தெரியும். ரீஃபிலின் வால் பக்கத்தில் நூல் கட்டி, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி வேகமாகச் சுழற்றுங்கள். வெளியில் நின்று செய்யுங்கள், வெள்ளைச் சுவர் பக்கம் வேண்டாம். முனை நசுங்கியிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

மையும் முனையும் சரியாக இருந்தும் நிற்கிறதா? பேனா உடலில் ஒரு சிறு துளை இருக்கும், அதை மேல்சீட்டு ஒட்டி அடைத்திருக்கிறீர்களா பாருங்கள். மை முன்னால் போகப் போகப் பின்னால் காற்று வந்தாக வேண்டும். மூடியின் நுனியில் இருக்கும் ஓட்டை வேறு காரியத்துக்கு. குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சுக்கு வழி இருக்கட்டும் என்று வைத்தது.

ஜெல் ரீஃபிலுக்குச் செருப்பு வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. அதன் மை தண்ணீரில் ஆனது, குண்டு உருளும் நேரத்தில் மட்டும் இளகும், நின்றால் கெட்டியாகும். பின்னால் கண்ணாடிபோல ஒரு பசை மையைத் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். கீழே விழுந்து அந்தப் பசைக்கும் மைக்கும் நடுவே காற்று போனால் கதை முடிந்தது. எழுதிக்கொண்டே யோசிக்கும் பழக்கமுள்ளவர்கள் ஜெல் பேனா மூடியைப் போட்டுவிட்டு யோசிக்கட்டும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாளில் கருப்பு ஜெல் பேனா ஆகாதா? பொதுத்தேர்வில் தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் போடலாமா?
– ஓமலூர், ஆத்தூர் வாசகர்கள்

பதில்: தேர்வாணையத்தின் அறிவுரையில் கருப்பு மை பால்பாயின்ட் என்றே இருக்கிறது. ஜெல் எடுத்து வம்பை விலைக்கு வாங்காதீர்கள். காரணமும் இருக்கிறது. ஜெல் காய நேரமாகும், கை பட்டால் இழுவி அடுத்த வட்டத்தில் ஏறும், தாளை மடக்கினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். விடைத்தாளைப் படிக்கும் இயந்திரத்துக்கு அந்தக் கறையும் ஒரு விடைதான். 0.7 அல்லது 1 மில்லிமீட்டர் முனையில் இரண்டு பேனா, முந்தின நாளே சில பக்கம் எழுதிப் பழக்கியது, எடுத்துப் போங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டும், படத்துக்குப் பென்சில் என்று அச்சிட்டிருப்பார்கள். பச்சைக்கு இடமில்லை. மூன்று மணி நேரம் எழுதிக் கை வலிப்பவர்கள் பால்பாயின்ட்டை அழுத்துவதற்குப் பதில் 0.5 அல்லது 0.6 ஜெல்லில் எழுதிப் பழகலாம். அழுத்தம் குறையும், ஆனால் மை வேகமாகத் தீரும்.

கேள்வி: காபி நாற்றுப் பைகளில் ரகத்தின் பெயரை பர்மனென்ட் மார்க்கரால் எழுதி வைக்கிறோம். ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் எது எது என்றே தெரியவில்லை. அழியாத மார்க்கர் எது?
– ஒரு தோட்டக்காரர், நாகலூர்

பதில்: 'பர்மனென்ட்' என்ற பெயர் தண்ணீருக்குத்தான், சூரியனுக்கு அல்ல. மழை அதை ஒன்றும் செய்யாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைத்துவிடும், சில மாதங்களில் எழுத்து வெளுத்துவிடும். விலை கூடின மார்க்கர் வாங்கினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான்.

எங்கள் சிபாரிசு பென்சில். சிரிக்காதீர்கள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட் என்பது கார்பன், அது வெயிலில் வெளுக்காது, நீரில் கரையாது, பூஞ்சைக்கும் தீனி ஆகாது. வழவழப்பில்லாத சொரசொரப்பான வெள்ளை பிளாஸ்டிக் பட்டையிலோ சீவிய மரத்துண்டிலோ 2பி பென்சிலால் அழுத்தி எழுதி மண்ணில் செருகுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் என்றால் முதலில் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துக்கொள்ளுங்கள்.

வருடக்கணக்கில் நிற்கும் மரத்துக்கு, அதாவது தாய்ச்செடி, மிளகு ஏற்றிய சில்வர் ஓக் போன்றவற்றுக்கு, அலுமினியத் தகடு சிறந்தது. காலியான குளிர்பான டப்பாவை வெட்டினாலே போதும். 7 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம். மூலைகளை வளைத்து வெட்டுங்கள், கை கிழியாது. நாலாக மடித்த செய்தித்தாள்மேல் தகட்டை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதுங்கள். எழுத்து பள்ளமாகப் பதிந்துவிடும், வெளுக்க அதில் நிறமே இல்லை. கட்டுவதற்கும் அலுமினியக் கம்பியே எடுங்கள். செம்புக் கம்பி போட்டால் மழை நனைக்க நனைக்க இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் தகடு அரித்துக் கழன்று விழும். வளையம் தாராளமாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய கம்பி கிளை பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும். எழுத்து பிழைத்துச் செடி போவதில் பிரயோஜனமில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் கடுக்காயில் மை செய்வார்களாமே. பையனின் பள்ளிக் கண்காட்சிக்கு வீட்டில் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: தாராளமாக. கடுக்காய் சேர்வராயன் மலைக் காட்டிலேயே விளைவதுதான். அதில் நிறையத் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது இரும்பு உப்போடு சேர்ந்தால் கறுக்கும், விஷயம் அவ்வளவுதான்.

நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 30 கிராம், இரும்பு உப்பான அன்னபேதி 10 கிராம், கருவேலம் பிசின் 5 கிராம் வாங்குங்கள். அன்னபேதி இளம்பச்சைக் கற்களாக இருக்க வேண்டும். பழுப்புப் பொடியாகியிருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. 'அன்னபேதிச் செந்தூரம்' என்று கேட்டுவிடாதீர்கள், அது மருந்து, வேறு சரக்கு.

கடுக்காயை ஒன்றிரண்டாக இடித்து 300 மில்லி தண்ணீரில் இரவு ஊறவிடுங்கள். மண் சட்டியோ கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். இரும்புச் சட்டி கூடாது, அளவு தெரியாமல் இரும்பு அதிலிருந்தே இறங்கிவிடும். காலையில் சிறு தீயில் பாதியாகச் சுண்டவிட்டு, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி ஆறவையுங்கள். அன்னபேதியை 20 மில்லி வெந்நீரில் தனியாகவும், பிசினை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் தனியாகவும் கரையுங்கள். ஆறிய கஷாயத்தில் அன்னபேதிக் கரைசலை ஊற்றியதும் கண்ணெதிரே மஞ்சள் பழுப்பு கருநீலமாகும். கண்காட்சியில் எல்லோரும் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஆகவே இந்த ஒரு படியை மட்டும் அங்கே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பிறகு பிசின். பிசின் இல்லாவிட்டால் மை தாளில் ஊறிப் பரவும், அதிகமானால் நிப்பிலிருந்து இறங்காது. ஒரு நாள் தெளியவைத்து மறுபடி வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி இரண்டு கிராம்பு போடுங்கள், பூஞ்சை பிடிக்காது.

எழுதும்போது சாம்பல்போல வெளிறித் தெரியும். பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டு சில மணி நேரத்தில் கறுத்து நிலைக்கும். அன்னபேதி அதிகமானால் நன்றாகத்தானே கறுக்கும் என்று சேர்க்காதீர்கள். மிஞ்சிய இரும்பும் அமிலமும் வருடங்கள் போகப் போகத் தாளைப் பழுப்பாக்கி எழுத்து இருந்த இடத்திலேயே ஓட்டை விழவைக்கும். இந்த மையைத் தொட்டு எழுதும் நிப்பிலோ நாணல் பேனாவிலோதான் பயன்படுத்த வேண்டும், இங்க் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். நாணல் அல்லது மெல்லிய மூங்கில் ஒரு சாண் எடுத்து நுனியைச் சரிவாகச் சீவி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் பிளவு போட்டு, முனையைக் குறுக்காக நறுக்கினால் பேனா தயார். கத்தி வேலையும் அடுப்பு வேலையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பையன் கையில் பட்ட கறை நாலு நாள் இருக்கும்.

கேள்வி: யூனிஃபார்ம் சட்டையில் மைக் கறை. பால் ஊற்றச் சொல்கிறார்கள், பற்பசை என்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: என்ன மை என்று முதலில் பாருங்கள். பால்பாயின்ட் என்றால் எண்ணெய்ப் பசை, அதற்கு மருந்துக்கடை ஸ்பிரிட் அல்லது கை சானிடைசர். கறைக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைத்து, துணியின் உள்பக்கத்திலிருந்து பஞ்சால் ஒற்றுங்கள். தேய்த்தால் கறை வட்டமாகப் பரவும். அடியில் இருக்கும் துண்டு நீலமாக நீலமாக இடத்தை மாற்றுங்கள். நிறம் இறங்கி முடிந்த பிறகே சோப்பு, அதன் பிறகே வெயில், இஸ்திரி. அடுப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் தூரம் இருக்கட்டும். இங்க் பேனாவின் ராயல் ப்ளூ பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலுமே பெரும்பாலும் போய்விடும். ப்ளூ பிளாக் போட்டுத் துரு நிறத்தில் ஒரு தடம் நின்றால் எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்து அலசுங்கள், அது இரும்புக் கறை. ஜெல் மையில் பல, காய்ந்துவிட்டால் அசையாது. ஈரத்திலேயே பிடித்தால்தான் உண்டு. பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பென்சில் சீவச் சீவ முனை உடைந்து விழுகிறது. ஒரு வாரத்தில் ஒரு பென்சில் தீர்ந்துவிடுகிறது.
– ஒரு வாசகர், வாழப்பாடி

பதில்: அநேகமாகக் கீழே விழுந்த பென்சில். வெளியே மரம் முழுசாக இருக்கும், உள்ளே முனை பல துண்டாகியிருக்கும். வாங்கும்போதே அடிப்பக்கத்தைப் பாருங்கள், கரி நடுவில் இல்லாமல் ஓரம் ஒதுங்கியிருந்தால் எப்படிச் சீவினாலும் உடையும். ஷார்ப்னரின் பிளேடு மழுங்கியிருந்தால் மரத்தைச் சீவாமல் முறுக்கும், அந்த முறுக்கில் முனை போகும். ஐந்து ரூபாய் ஷார்ப்னரை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். எழுத எச்பி, நிழல் தீட்ட 2பி, அளவுக் கோடு இழுக்க எச். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு எச் கொடுத்தால் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தும்.

கேள்வி: பேத்தி பல்பம் தின்கிறாள். எங்கள் ஊர் வெள்ளைக்கல்லில்தானே சாக்பீஸ் செய்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்கிறார் பக்கத்து வீட்டம்மா.
– ஒரு பாட்டி, கருப்பூர்

பதில்: இரண்டும் தப்பு, அம்மா. உங்கள் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவது மேக்னசைட். வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள், அதில் சாக்பீஸ் செய்வதில்லை. கரும்பலகை சாக்பீஸ் ஜிப்சத்திலிருந்து வரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பல்பம் வேறு, அது மென்மையான கல். பல்பமோ மண்ணோ தின்னத் தோன்றுவது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் எழுத்தாணியும் சில ஓலைச் சுவடிகளும் பரணில் கிடைத்தன. ஆணி துருப்பிடித்திருக்கிறது, ஓலை தொட்டால் ஒடிகிறது. எழுத்தும் சரியாகத் தெரியவில்லை.
– ஒரு வாசகர், தாரமங்கலம்

பதில்: அவசரப்படாதீர்கள். ஓலையைப் பிரிக்கவோ வளைக்கவோ வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஓலையில் எழுத்து மையால் எழுதியதல்ல, ஆணியால் கீறியது. கீறிய பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைப்பார்கள், பள்ளத்தில் மட்டும் கருமை தங்கும். உங்கள் ஓலையில் அந்தக் கரி உதிர்ந்திருக்கிறது, கீறல் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நிழலில் எழுத்து எழும்பித் தெரியும். அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த ஓலைக்கு நெகிழ்வு வரப் புல் தைலம் தடவுவது வழக்கம். பஞ்சில் தொட்டு மிக லேசாக. ஆனால் ஒடியும் நிலையில் இருப்பதை வீட்டில் தொடாமல் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் யோசனை கேட்பதே சரி. மேலே தூரிகையால் தீட்டிய நிறமோ படமோ இருந்தால் தைலமே கூடாது.

ஆணியைப் பொறுத்தவரை உப்புத்தாள் போடாதீர்கள், தலைப்பக்க வேலைப்பாடும் முனையும் போய்விடும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துப் பருத்தித் துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் துளி தடவி வைத்தால் போதும். தலை உருண்டையாக இருந்தால் குண்டெழுத்தாணி, கைப்பிடிக்குள் மடங்கினால் மடக்கெழுத்தாணி. ஓலையை இடக்கையில் பிடித்து, அந்தக் கைப் பெருவிரலில் ஆணியைத் தாங்கி எழுதுவார்கள். ஆணி இருந்த இடத்திலேயே இருக்க, ஓலைதான் நகரும்.

கேள்வி: வெள்ளைப் பலகையில் தெரியாமல் பர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டார்கள்.
– ஒரு டியூஷன் சென்டர், குகை

பதில்: அதன்மேலேயே வெள்ளைப் பலகை மார்க்கரால் மறுபடி எழுதி, ஈரம் காயுமுன் துடையுங்கள். புது மையின் ஸ்பிரிட் பழையதைக் கரைத்து எடுத்துவரும். எஃகு நார் போட்டால் பலகை போச்சு. அந்த மார்க்கர்களைப் படுக்கவைத்தே சேமியுங்கள். முனை மேலே பார்க்க நிறுத்தினால் நிறம் அடியில் தங்கி, எழுத்து வெளிறும்.

கேள்வி: வெல்டிங்குக்குக் குறி போட்டால் மார்க்கர் எரிந்துபோகிறது.
– ஒரு பட்டறைக்காரர், கொண்டலாம்பட்டி

பதில்: மாக்கல் குச்சி வாங்குங்கள், சூட்டிலும் கோடு நிற்கும். முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து வைத்தால் கோடு மெலிதாக வரும், தடித்த கோட்டின் எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பம் இருக்காது. நுணுக்க அளவுக்கு, தகட்டில் கீறிக் கோடு போடும் கோட்டூசிதான். எவர்சில்வர் தகடு என்றால் சாதா மார்க்கர் வேண்டாம். சில மைகளில் குளோரைடு இருக்கும், சூடு பட்ட இடத்தில் பிற்பாடு வெடிப்பு விடும். குளோரைடு குறைந்த மார்க்கர் என்று கேட்டு வாங்கி, பற்றவைக்குமுன் அதையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: காசோலையில் கருப்பு மை கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது.
– பலர்

பதில்: வதந்தி. குறிப்பிட்ட நிறம்தான் என்று விதி இல்லை. ஸ்கேன் செய்தால் தெளிவாகத் தெரிகிற, அழியாத மையாக இருக்க வேண்டும். நீலம் அல்லது கருப்பு பால்பாயின்ட் போதும். பெயரிலோ தொகையிலோ அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, வேறு தாள் கிழியுங்கள்.